காய்ச்சலுக்கும் கூலி உண்டா?



"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. 2020-ஆம் ஆண்டு அப்பழமொழிக்கு ஒரு பிற்சேர்க்கை எழுதிச் சென்றது. அடுத்தவருக்கு வந்த காய்ச்சல் நம் வீட்டுக் கதவையும் தட்டும் என்பதை அவ்வாண்டு உலகம் முழுவதற்கும் கற்பித்தது. 2023 மே 5-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனாப் பெருந்தொற்றின் அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது. முகக்கவசங்கள் அலமாரியின் மூலைக்குப் போயின. நாம் கற்ற பாடமும் அவற்றோடு மூலைக்குப் போய்விடலாகாது என்னும் கவலையினால், இத்திங்கள் இப்பக்கத்தை அதற்கென ஒதுக்குகின்றோம். அந்நாட்களில் கல்லூரி வளாகங்களுக்கு வேலைக்குத் திரும்பியவர்களே நம் பொருள்.

சேலையூரில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கல்லூரி என்பது பட்டம் பெறும் இடம் மட்டுமன்று, பிழைப்புக்கு வழியுமாகும். 1937-ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்புள்ள அவ்வளாகத்தின் மாணவர் விடுதிகளுள் ஒன்று இன்றும் நம் ஊரின் பெயரைத் தாங்கிச் 'சேலையூர் ஹால்' என வழங்கி வருகின்றது. அதன் பின்னர் தாம்பரத்தைச் சுற்றிலும் எத்தனையோ கலைக் கல்லூரிகளும் பொறியியற் கல்லூரிகளும் எழுந்தன. ஒரு கல்லூரி எழுந்தால் அதைச் சார்ந்து பேராசிரியர் மட்டுமா வாழ்கின்றனர்? விடுதியில் சோறு வடிப்பவர், வகுப்பறை பெருக்குபவர், இரவுக் காவலர், ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுபவர், பேருந்து ஓட்டுநர், வாயிலுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவர், படிகள் எடுத்துத் தருபவர் ஆகிய இவர்களது அடுப்பும் அவ்வளாகத்தை நம்பியே எரிகின்றது.

அந்த வளாகங்கள் மும்முறை மூடின, மும்முறை திறந்தன. 2020 மார்ச் 17-ஆம் நாள் தமிழகக் கல்வி நிலையங்கள் அடைக்கப்பட்டன. எட்டு நாட்களில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மாணவர் பலர் பெட்டி படுக்கைகளை அறையிலேயே விட்டுச் சென்றனர். சென்னையில் சில கல்லூரி விடுதிகள் நோயாளிகளின் பராமரிப்பு மையங்களாக மாறின. அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ஆராய்ச்சி மாணவரும் முதுநிலை அறிவியல் இறுதியாண்டினரும், 7-ஆம் நாள் இளநிலை இறுதியாண்டினரும் திரும்பினர். 2021 பிப்ரவரி 8 முதல் ஏனையோரும் வந்தனர். ஆறு வாரம் கழியுமுன் இரண்டாம் அலை எழுந்தது. மார்ச் 23 முதல் பாடம் மீண்டும் கைப்பேசிக்குள் புகுந்தது. செப்டம்பர் 1-ஆம் நாள் மறுபடியும் திறந்தனர். 2022 சனவரியில் மூன்றாம் அலையால் மூடி, பிப்ரவரி 1-ஆம் நாள் மீண்டும் திறந்தனர்.

செய்தித்தாள்களில் இவை யாவும் மாணவர் திரும்பிய நாட்களாகவே பதிவாயின. ஆனால் மாணவர் வருவதற்குப் பல நாட்கள் முன்னரே வேறு சிலர் திரும்பிவிட்டனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்த கட்டிடம் தானாகவா திறந்துகொள்ளும்? புறாக்கள் கூடு கட்டிய மாடிப்படிகளையும், தூசியேறிய மேசைகளையும், நீர் வற்றிய கழிப்பறைகளையும் கழுவித் துடைத்தவர் யார்? பேராசிரியர் தம் பணியை வீட்டிலிருந்து ஓரளவு செய்ய முடிந்தது. துடைப்பத்தை வீட்டிலிருந்தபடியே வீச இயலுமோ? சோற்றுப் பானையைக் கைப்பேசி வழியே இறக்கி வைக்கத்தான் இயலுமோ? "வீட்டிலிருந்தே வேலை" என்னும் புதுச்சொல் அன்று ஊரெங்கும் பரவியது. அச்சொல்லுக்குள் இடம் கிடைக்காதவர் எவ்வளவு பேர் என்பதை நம் பங்கின் தெருக்களைச் சுற்றி வந்தாலே அறியலாம்.

வளாகத்திற்கு வந்து சேர்வதே முதல் இடுக்கண். புறநகர் மின்வண்டியில் பொதுமக்கள் யாவரும் ஏற அனுமதி கிடைத்தது அந்த டிசம்பர் 23 முதற்கொண்டுதான்; அதுவும் கூட்டமில்லாத நேரங்களில். எனவே நெரிசல் மிகுந்த பங்கு ஆட்டோவில் தோளோடு தோள் உரசி வந்து, வாயிலில் இறங்கியதும் ஆறடி இடைவெளியில் நிற்கும்படி பணிக்கப்பட்டனர். நாள்தோறும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கைப்பிடிகளையும் மேசைகளையும் துடைத்துத் துடைத்து அவர்களது விரல்நுனிகள் வெந்தன. இந்நோய் பெரும்பாலும் காற்றின் வழியே பரவுவது, பொருட்களைத் தொடுவதால் பரவுவது குறைவே, ஆதலால் சன்னல்களைத் திறந்து வைப்பதே பெருங்காவல் என்பது பின்னரே தெளிவாயிற்று. நம் பகுதியினருக்கு இது புதிய பாடமன்று. 1928-ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளிகளுக்கெனச் சானடோரியம் அமைத்தபோது, நல்ல காற்றையே முதல் மருந்தாகக் கருதினார். இரயில் நிலையமும் இன்றளவும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது.

இனி நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயின் வரலாற்றைச் சொல்வோம். ஒப்புரவுத் தொட்டியில் கேட்டதன்று. தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவரே கூறியது. பெயரைக் குறிக்காமல் எழுத இசைவு தந்ததும் அவரே. சேலையூரிலிருந்து பேருந்தில் போகவேண்டிய ஒரு கல்லூரியில், ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ்த் துப்புரவுப் பணி செய்பவர். அப்போது அவருக்கு வயது 42. கணவர் ஆட்டோ ஓட்டுநர். வண்டி ஓடாததால் தவணை நின்றிருந்தது. வீட்டில் இரு பிள்ளைகளும், நீரிழிவு நோயுள்ள வயதான மாமியாரும் இருந்தனர்.

2020 நவம்பர் இறுதியில் மேற்பார்வையாளரிடமிருந்து அழைப்பு வந்தது. "நாளை வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம்" என்றார்கள். அன்று மாலை அவர் நம்மிடம் வந்து கேட்ட கேள்வி இன்னும் நம் செவியில் நிற்கின்றது: "சாமி, போனால் நோய்க்குப் பயம்; போகாவிட்டால் பசிக்குப் பயம். நான் எந்தப் பயத்துக்குப் பயப்படுவது?" இறையியல் நூல்களில் எளிதில் விடை காண முடியாத வினா அது. வின்சென்ட் தே பவுல் சபையார் சில வாரங்களுக்கு அரிசியும் பருப்பும் தந்தனர். எனினும், தருமத்தில் பெற்ற அரிசி எத்தனை நாள் ஓடும்? அவர் வேலைக்குப் போனார்.

2021 மார்ச் மூன்றாம் வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் வராவிட்டால் அந்நாட்கூலி போகும். மூன்று நாள் வராவிட்டால் வேலையே போகலாம். அதிகாலையில் ஒரு பாரசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் புறப்பட்டார். வாயிற்காவலர் வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டினார். கருவி குறையேதும் காட்டவில்லை. மூன்று மாடிகளையும் துடைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பினார். இவ்வாறு நான்கு நாட்கள் சென்றன. ஐந்தாம் நாள் மாமியாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. 60 வயது கடந்தவர்களுக்கு அந்த மார்ச் முதல் நாளிலிருந்தே தடுப்பூசி கிடைத்தது. ஆயினும் அம்மூதாட்டி ஊசிக்கு அஞ்சி நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்து இறைவனடி சேர்ந்தார். மருமகளோ ஊசிக்குரிய வயதினராகவே அப்போது இல்லை. 18 வயது நிறைந்தோர் யாவருக்கும் என்னும் விதி மே மாதத்தில்தான் வந்தது. மருத்துவப் பணியாளர்க்கும் நகராட்சித் துப்புரவாளர்க்கும் முன்னுரிமை தந்த பட்டியலில், தனியார் கல்லூரியின் ஒப்பந்தத் துப்புரவாளருக்கு இடமில்லை.

அடக்கம் முடிந்து பல வாரங்களுக்குப் பின் அவர் நம்மிடம் கேட்டார்: "நானே கொண்டுவந்து கொடுத்தேனா, சாமி?"

நோயைக் கொண்டுவந்தது எவர் என்பதை எந்த ஆய்வுக்கூடத்தாலும் துணிந்து சொல்ல இயலாது. மகன் ஆட்டோவில் ஆட்களை ஏற்றியிருந்தார். பேரன் கடைக்குப் போய் வந்தான். இதை எடுத்துக் கூறினோம். அவர் மனம் அடங்கவில்லை. பின்னர் வேறொன்று சொன்னோம்: "அம்மா, நீங்கள் காய்ச்சலை மறைத்தீர்கள். ஆனால் காய்ச்சலைச் சொன்னால் சோறு போய்விடும் என்னும் நிலையை உண்டாக்கியது நீங்கள் அல்லவே! அந்தப் பளுவை நீங்கள் தனியே சுமக்க இறைவன் கேட்கமாட்டார்." வாசகர்களே, இன்று இதை எழுதுவதும் அந்தப் பளுவில் நமக்குரிய பங்கை நாம் ஏற்க வேண்டும் என்பதற்காகவே.

எண்ணிப் பாருங்கள். அக்கல்லூரி வாயிலில் வெப்பமானி இருந்தது. கை கழுவும் நீர் இருந்தது. தரையில் இடைவெளி வட்டங்கள் வரையப்பட்டிருந்தன. இவ்வளவு காவலையும் ஒரு சிறு மாத்திரை கடந்து சென்றுவிட்டது. ஏன்? நெற்றியின் சூட்டை அளந்தோமேயொழிய, அந்நெற்றிக்குரியவரின் வீட்டு அரிசிப் பானையை ஒருவரும் அளக்கவில்லை. "காய்ச்சலா? வீட்டில் இரு, உன் கூலி வந்து சேரும்" என்னும் ஒரு சொல், வாயிலில் வைத்த கருவிகளையெல்லாம்விட வலிய காவலாக இருந்திருக்கும். அச்சொல் அத்தாயை மட்டுமன்று, அவர் துடைத்த மூன்று மாடிகளிலும் அமர்ந்து படித்த பிள்ளைகளையும் காத்திருக்கும்.

இது மிகையுரையன்று. 2020 டிசம்பர் நடுவில் கிண்டியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொற்று பரவியபோது, 100-க்கு மேற்பட்ட மாணவர் நோயுற்றனர். உணவுக்கூடப் பணியாளருக்கும் தொற்று கண்டது. அனைவரும் ஓரிடத்தில் கூடி உண்டதே காரணமென்று பேசப்பட்டது. அதன்பின் உணவு பொட்டலமாக அறைக்கே சென்றது. 2022 சனவரி முதல் வாரத்தில், நமக்கு அண்மையிலுள்ள குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏறத்தாழ 80 மாணவர்களுக்குத் தொற்று கண்டது. நாட்டின் தலைசிறந்த அறிவாளரும் பானை கழுவும் பணியாளரும் சுவாசிப்பது ஒரே காற்றை. பதவிப் பெயர்களைக் கிருமி படித்துப் பார்ப்பதில்லை.

நீதி செய்ய அரசு முயலவில்லையா என வாசகர் கேட்கலாம். 2020 மார்ச் 29-ஆம் நாள் நடுவணரசின் உள்துறை அமைச்சகம், ஊரடங்கு நாட்களுக்கும் பிடித்தமின்றிக் கூலி தரவேண்டுமென ஆணையிட்டது. முதலாளிகள் நீதிமன்றம் சென்றனர். மே 18 முதல் அவ்வாணை நீங்கியது. சூன் 12-ஆம் நாள் உச்சநீதிமன்றம், கூலி தராதவர்மீது கடும் நடவடிக்கை வேண்டாமெனத் தடுத்து, இரு சாராரும் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு கூறியது. பேசித் தீர்ப்பது நல்ல நெறியே. ஆனால் ஒப்பந்தத் துப்புரவாளர் யாரிடம் போய்ப் பேசுவார்? கல்லூரி ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் கல்லூரியைக் காட்டுவார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று பெரியோர் சும்மாவா சொன்னார்கள்?

நோயுற்ற நாளுக்கு ஈடு தர ஈ.எஸ்.ஐ. என்னும் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. பெருந்தொற்றுக் காலத்து விதிப்படி, மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் அதற்குரியவர். ஊதியத்தில் நூறு ரூபாய்க்கு 75 காசு தொழிலாளியும், 3 ரூபாய் 25 காசு வேலை தருபவரும் செலுத்த வேண்டும். உரிய நாட்கள் செலுத்தியிருந்தால், நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். நாம் அத்தாயிடம் இதைப் பற்றி வினவினோம். தமக்கு அப்படியோர் எண் உண்டா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது. அவர் கைக்கு எட்டவில்லை.

கல்லூரி நடத்துவோரின் தரப்பையும் நாம் மறுக்கவில்லை. கட்டணம் வரவில்லை, விடுதி வெறுமையாய்க் கிடந்தது. சுயநிதிப் பிரிவு ஆசிரியர் பலர் அரைச் சம்பளத்தில் தவித்தனர். அவர்களுள்ளும் நம் குடும்பத்தார் உண்டு. "காய்ச்சலுக்குக் கூலி தந்தால் நாளும் பொய்க்காய்ச்சல் வருமே" என்பாரும் உளர். சிலருக்கு வரலாம். ஆனால் பொய்க்காய்ச்சலால் கெடுவது ஒரு நாட்கூலி. மறைத்த மெய்க்காய்ச்சலால் போவதோ உயிர். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த இயலுமா?

நம் தாயாம் திருச்சபை இதில் மௌனமாய் இருந்ததில்லை. 1891-ஆம் ஆண்டில் பாப்பரசர் 13-ஆம் லியோ, 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில், தொழிலாளி தாம் வாழப் போதிய கூலி பெறுவது நீதியின் கடன் என்று வலியுறுத்தினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட பாப்பரசர் 14-ஆம் லியோ அப்பெயரை ஏற்றதும் அம்மடலை நினைவிற்கொண்டே. 1981-இல் பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர், வேலை மனிதனுக்காகவே, மனிதன் வேலைக்காக அல்லன் என்று விளக்கினார். இளநிலை மாணவர் முதன்முதல் திரும்பிய 2020 டிசம்பர் 7-ஆம் நாளுக்கு மறுநாள், அமல உற்பவத் திருநாளன்று, மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் புனித சூசையப்பர் ஆண்டைத் தொடங்கி வைத்தார். அன்று வெளியிட்ட மடலில், பெருந்தொற்றுக் காலத்தில் உலகைத் தாங்கியவர்களென மருத்துவரோடும் செவிலியரோடும் துப்புரவாளரையும் சேர்த்து நினைவுகூர்ந்தார். நாசரேத்தூர்த் தச்சரின் வீட்டிலும் வேலையில்லாத நாட்கள் இருந்திருக்கும் அன்றோ?

மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய திராட்சைத் தோட்ட உவமையை மீண்டும் வாசியுங்கள். மாலை ஐந்து மணிக்கு வந்தவர்களுக்கும் தோட்டக்காரர் முழு நாட்கூலி கொடுத்தார். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலைக்கு எடுப்பார் இல்லாமல் சந்தையில் நின்றவர்கள். அந்த ஒரு தெனாரியம் ஒரு குடும்பம் ஒரு நாள் உண்பதற்குரிய கூலி. உழைத்த மணிகளை எண்ணியதோடு அத்தலைவர் நிற்கவில்லை; வீட்டில் காத்திருக்கும் வாய்களையும் எண்ணினார். முதலில் வந்தோர் முறுமுறுத்தனர். "வராதவருக்கு எதற்குக் கூலி?" என்னும் நம் காலத்து முறுமுறுப்பும் அதே குரல்தான்.

கல்லூரிகளை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணிக்கு நாமே முதலாளி. கோவிற்பிள்ளைக்கும், பங்குப் பள்ளி ஆயாவுக்கும் பங்கே முதலாளி. 2020-இன் ஊரடங்கில், வேலைக்கு வரவேண்டாமென்று சொல்லியும் மாதந்தோறும் சம்பளத்தை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்த குடும்பங்கள் நம் பங்கில் இருந்தன. அவை செல்வக் குடும்பங்களல்ல. ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒரு முதிய தம்பதியர் அவ்வாறு செய்ததை நாம் கண்ணாரக் கண்டோம். அன்று முடிந்தது இன்று முடியாதா?

ஆதலால் மூன்று செயல்களைக் குடும்பங்களின் முன் வைக்கின்றோம். முதலாவது, நம்மிடம் வேலை செய்பவருக்குக் காய்ச்சலென்றால், "ஓய்வெடுங்கள், சம்பளம் குறையாது" என்று அவர் கேட்குமுன் நாமே சொல்வோம். இரண்டாவது, நம் குடும்பத்தில் ஒப்பந்த வேலைக்குச் செல்வோர் தமக்கு ஈ.எஸ்.ஐ. எண் உண்டா என்பதை இம்மாதமே கேட்டறியட்டும். படிவம் வாசிக்கத் தெரியாதவருக்குப் பங்கின் இளைஞர்கள் உதவட்டும். மூன்றாவது, கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பொறுப்பு வகிக்கும் நம் மக்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, நோய்நாள் ஊதியம் பற்றிய ஒரு வரி அதில் இருக்கின்றதா எனப் பார்க்கட்டும். அந்த ஒரு வரி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

திண்ணையில் அமர்ந்து அழுத அத்தாய் இன்றும் அதே வேலைக்குத்தான் போகின்றார். மழைக்காலம் வரும், காய்ச்சலும் வரும். அப்போது அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பேருந்துக்கு ஓடுவதா, பாயில் படுத்து இளைப்பாறுவதா என்பதை நம்மைப் போன்றோரின் நீதியுணர்வே தீர்மானிக்கும். உழைப்பாளரின் பாதுகாவலராம் புனித சூசையப்பர் நம் இல்லங்களில் அந்நீதியை வளர்ப்பாராக.